குழாய்க்குள் நின்ற எண்ணெய்

மூன்றாவது முறையும் கப்ளிங் உள்ளே போகவில்லை. தருமலிங்கம் டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் நடுவில் குனிந்து நின்று, ஹைட்ராலிக் குழாயின் முனையைத் துணியால் துடைத்துவிட்டு மறுபடியும் அழுத்தினான். முனை கொஞ்சம் போய் அப்படியே நின்றது. உள்ளேயிருந்து யாரோ கை வைத்துத் தள்ளுவதுபோல் இருந்தது. வெயில் உச்சிக்கு வந்துவிட்டிருந்தது. குழாயின் கறுப்பு ரப்பரைத் தொட்டால் சுட்டது.

தப்பு தன்னுடையது என்று அவனுக்குத் தெரியும். முந்தின நாள் சாயங்காலம் இறால் குட்டையின் கரைக்கு மண் கொட்டிக்கொண்டிருந்தபோது, பண்ணைக்காரர் சீனிவாசன் போன் செய்து, இன்னொரு குட்டையில் மோட்டார் சேற்றில் இறங்கிவிட்டது, டிராக்டரை உடனே கொண்டு வா என்றார். டிரெய்லரின் தொட்டி அப்போதுதான் ஒரு சாண் தூக்கியிருந்தது. மண் இன்னும் உள்ளேயே இருந்தது. தொட்டியைக் கீழே இறக்கி, எஞ்சினை நிறுத்தி, லீவரை முன்னும் பின்னும் இரண்டு தடவை ஆட்டினால் குழாய்க்குள் இருக்கும் எண்ணெயின் அழுத்தம் தணிந்துவிடும். அதற்குப் பிறகுதான் குழாயைக் கழற்ற வேண்டும். அரை நிமிட வேலை. பண்ணைக்கு வரும் புது டிரைவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுப்பவனே அவன்தான். அன்றைக்கு எதையும் செய்யாமல் குழாயை இழுத்துப் பிடுங்கிவிட்டுப் போய்விட்டான். இரவெல்லாம், மறுநாள் காலையெல்லாம், ஈர மண்ணின் கனம் முழுக்க அந்தக் குழாய் எண்ணெயின் மேல் உட்கார்ந்திருந்தது. போதாததற்கு வெயிலும்.

அவன் பெண்டாட்டி ஜமுனா ஏரியிலிருந்து கரை மேல் வந்துகொண்டிருந்தாள். விடியற்காலையில் இறங்கினால் தண்ணீர் சூடேறும் வரை இறால் தடவுவாள். வலை இல்லை, படகு இல்லை. இடுப்பளவு தண்ணீரில் மண்டியிட்டு நகர்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி, விரலில் இறால் தட்டினதும் அமுக்கிப் பிடித்து, பல்லில் கடித்துத் தொங்கவிட்டிருக்கும் ஓலைக்கூடையான பறிக்குள் போட வேண்டும். கண்ணுக்கு அதில் வேலையே கிடையாது. கல்யாணமான புதிதில் அவனும் கூடவே இறங்கியிருக்கிறான். அவள் நாலு பிடிக்கும் நேரத்தில் அவனுக்கு ஒன்று கிடைக்கும். டிராக்டருக்குப் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

"இன்னாயா, இன்னும் துன்னலியா?" என்றாள்.

"இது மாட்ட மாட்டேங்குது. செத்த இந்தக் குழாய புட்சிக்கோமே. திரும்பாம புட்சிக்கோ."

பறியை டிரெய்லர் நிழலில் வைத்துவிட்டு வந்தாள். குழாயும் முனையும் சேரும் இடத்தில் இருக்கும் நட்டைக் கொஞ்சம் தளர்த்திவிட்டால் எண்ணெய் கசிந்து அழுத்தம் குறையும் என்பது அவன் கணக்கு. அப்படிச் செய்யக் கூடாது என்பதும் தெரியும். முன்பு இரண்டு தடவை செய்து ஒன்றும் ஆகவில்லை. அவள் ஈர முந்தானையைக் குழாயில் சுற்றி, நட்டுக்குப் பக்கத்தில் வலது கையால் பிடித்துக்கொண்டாள். அவன் ஸ்பேனரைப் போட்டு அழுத்தினான். நட்டு கால் சுற்றுகூட வரவில்லை. சீறுகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். டிரெய்லரின் தொட்டி தொப்பென்று கீழே உட்கார்ந்தது. முந்தானையில் எண்ணெய்க் கறை பரவியது.

"ஸ்ஸ்" என்று கையை எடுத்தாள். ஆள்காட்டி விரலின் உள்பக்கம், நடுக்கணுவில் ஒரு புள்ளி. ஊசி குத்தின அளவு. ரத்தம்கூட வரவில்லை. அவன் பிடித்துப் பார்த்தான். அவள் விரலை வாயில் வைத்துச் சப்பி, எண்ணெய்க் கசப்பைத் துப்பிவிட்டுச் சோற்றுத் தூக்கை எடுக்கப் போனாள். அவன் நட்டை இறுக்கிவிட்டுக் குழாயை மாட்டினான். கப்ளிங் டக்கென்று உட்கார்ந்தது. அவனுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியைப் பின்னால் பலமுறை நினைத்துப் பார்த்தான்.

சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்குப் போனபோது அவள் விரலை முன்னால் நீட்டிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். விரல் வெளுத்து, தோல் இழுத்துக் கட்டினதுபோல் இருந்தது.

"வலிக்குதா?"

"வலியில்ல. மரத்துப்போன மாரி கீது. என் விரலு மாரியே இல்ல."

பைக்கில் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு போனான். சாலையோரம் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. டாக்டர் கிளம்பிப் போயிருந்தார். நர்ஸ் மட்டும் இருந்தாள். ஜமுனாவின் உடம்பிலிருந்து வந்த சேற்று வாசனையை முகர்ந்ததுமே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அந்தப் பக்கத்துப் பெண்கள் வாரத்துக்கு இரண்டு பேராவது இப்படி வருவார்கள்.

"இறால் கொம்பு குத்திச்சா?" என்று கேட்டாள்.

ஜமுனா அவனைப் பார்த்தாள்.

"ஆமா" என்றான் தருமலிங்கம்.

ஏன் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை. யாரும் அவனை மறைக்கச் சொல்லவில்லை. பெண்டாட்டியைக் கூப்பிட்டுக் குழாயைப் பிடிக்கச் சொன்னேன், செய்யக் கூடாததைச் செய்தேன் என்று ஆரம்பித்தால் எங்கேயோ போய் நிற்கும். கேள்வியிலேயே பதில் தயாராக இருந்தது. எடுத்துக்கொண்டான். நர்ஸ் ஒரு ஊசி போட்டு, மூன்று வேளைக்கு மாத்திரை கொடுத்து, தண்ணீரில் கை வைக்காதே என்று சொல்லி அனுப்பினாள். ஜமுனா வீட்டுக்கு வந்து இடது கையால் சோறு பிசைந்து சாப்பிட்டாள்.

காலையில் கை மணிக்கட்டு வரை வீங்கியிருந்தது. விரல் கருநீலமாகிவிட்டது. இப்போது வலி வந்திருந்தது. அவள் சுவரில் தலையைச் சாய்த்து, வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். அங்கே இருந்த டாக்டரம்மா சின்ன வயசு. கையைத் திருப்பிப் பார்த்தாள், புள்ளியைப் பார்த்தாள், நர்ஸ் கொடுத்த சீட்டைப் படித்தாள்.

"இறால் குத்தி இப்படி ஆகாதே. வேற ஏதாவது?"

"டிராக்டர் குழாய் எண்ணெய் பீச்சிச்சு" என்றான். குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

"எப்போ?"

"நேத்து. பன்னெண்டு மணி இருக்கும்."

டாக்டரம்மா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். போனில் யாரிடமோ வேகமாகப் பேசினாள். பிறகு அவனிடம், திட்டாமல், பாடம் சொல்வதுபோலச் சொன்னாள். எண்ணெய் வெளியில் படவில்லை, தோலைத் துளைத்து உள்ளே போயிருக்கிறது. விரலை மடக்குகிற தசைநாண் ஓடும் பாதை வழியாக உள்ளங்கை வரைக்கும் இறங்கியிருக்கும். தானாக வெளியே வராது, கிழித்துத்தான் கழுவ வேண்டும். பேனாவால் தன்னுடைய உள்ளங்கையிலேயே கோடு போட்டுக் காட்டினாள். "நேத்தே சொல்லியிருந்தா நேத்தே அனுப்பியிருப்பாங்க" என்றாள். அவன் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆம்புலன்ஸில் போகும்போதும், சென்னையில் பெரிய ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்திருந்தபோதும் அந்தக் கோடுதான் ஞாபகத்தில் இருந்தது. அழுகை வரும் என்று எதிர்பார்த்தான். வரவில்லை. பசி வேளாவேளைக்கு வந்தது. போய்ச் சாப்பிட்டான். வரிசையில் நின்று மாத்திரை வாங்கினான். கேட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டான்.

மூன்று ஆபரேஷன். இரண்டாவதில் ஆள்காட்டி விரலை எடுத்துவிட்டார்கள். மூன்றாவதில் தொடையிலிருந்து தோல் எடுத்து உள்ளங்கையில் ஒட்டினார்கள். இருபத்தாறு நாள் கழித்து பஸ்ஸில் திரும்பினார்கள். ஜன்னலோரம் அவள், இந்தப் பக்கம் அவன். கட்டுப் போட்ட கை அவள் மடியில் கைக்குழந்தைபோலக் கிடந்தது.

மீஞ்சூர் தாண்டினதும் ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்: "அந்த நர்ஸம்மா கேட்டப்போ இன்னாத்துக்கு ஆமான்னு சொன்ன?"

"தெர்ல."

கட்டுப் போட்ட கையை அவள் இடது கையால் மடியில் சரியாக வைத்துக்கொண்டாள்.

"நானும் சொல்லிருக்கலாம். எனக்கும் வாய் இருந்துச்சு இல்ல" என்றாள்.

கண்டக்டர் வந்தார். அவன் சீட்டைக் காட்டினான். பிறகு அந்தப் பேச்சை இருவரும் எடுக்கவேயில்லை.

தை மாதம் அவள் ஒரு நாள் ஏரியில் இறங்கிப் பார்த்தாள். அவனிடம் சொல்லவில்லை. கூடப் போன பெண்கள் சொல்லித்தான் தெரியும். அரை மணி நேரத்தில் ஏறிவிட்டாளாம். கட்டைவிரலிலும் நடுவிரலிலும் தொடு உணர்வே இல்லை. சேறு எது, இறால் எது என்று கைக்குத் தெரியவில்லை. இடது கையால் மட்டும் தடவினால் இறால் மறுபக்கமாக வழுக்கிப் போய்விடுகிறது. அதற்குப் பிறகு தோணிரேவு ஊரில் பெனிட்டா என்பவள் நடத்தும் நண்டுக் கொட்டகைக்குப் போக ஆரம்பித்தாள். நண்டுகளைச் சிறுசு பெருசாகப் பிரித்துக் கூடையில் போடும் வேலை. பெனிட்டா நல்லவள். மெதுவா செய், யாரும் துரத்தல என்று முதல் நாளே சொல்லியிருந்தாள்.

தருமலிங்கம் பண்ணையிலேயே இருந்தான். சீனிவாசன் ஒரு தடவை வீட்டுக்கு வந்து பார்த்தார், பழம் வாங்கி வந்தார். டிராக்டர் அதே டிராக்டர்தான். இப்போது டிரெய்லரைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் தொட்டியை இறக்கி, எஞ்சினை நிறுத்தி, லீவரை முன்னும் பின்னும் ஆட்டுகிறான். இரண்டு தடவை போதும். அவன் பத்து, பன்னிரண்டு தடவை ஆட்டுகிறான். எண்ணுவதில்லை. ஒரு நாள் சீனிவாசன் பக்கத்தில் வந்து, "போதும் லிங்கம், அதான் இறங்கிடுச்சே" என்ற பிறகுதான் கையை எடுத்தான்.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டிவரக் கொட்டகைக்குப் போனான். சாயங்கால வெயில் ஓலை இடுக்கில் விழுந்துகொண்டிருந்தது. பெனிட்டா தராசைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஜமுனா ஒரு கூடை முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வீட்டுக்கு மீன் வாங்கிப் போவதா, கருவாடு போதுமா என்று அவனிடம் பேசிக்கொண்டே கூடைக்குள் வலது கையை விட்டாள். கையை வெளியே எடுத்தபோது நடுவிரலில் ஒரு நண்டு தொங்கியது. நடுத்தர நண்டு, கொடுக்கைக் கயிற்றால் கட்டாதது. கொடுக்கு முழுசாக மூடியிருந்தது. அவள் அதைக் கவனிக்காமல் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஜமுனா" என்றான்.

அவன் பார்வை போன இடத்தை அவளும் பார்த்தாள். அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அவன் பாய்ந்து வந்து கொடுக்கைப் பிடித்துப் பிரிக்கப் பார்த்தான். நண்டு இன்னும் இறுக்கியது. விரலோரத்தில் ரத்தம் துளிர்த்தது.

"இஸ்துடாத" என்றாள். "வலிக்கல. இஸ்தா சதையத்தான் பிச்சிடும்."

"வேற இன்னா செய்றது?"

"ஒண்ணும் செய்ய வேணாம். தண்ணில வச்சா அதுவா வுட்டுடும். நீ கைய எடு."

அவன் கையை எடுத்தான். அவள் திரும்பி, பக்கத்தில் இருந்த தண்ணீர்த் தொட்டிக்குள் கையை மெதுவாக இறக்கினாள், மணிக்கட்டு வரைக்கும். நண்டும் கூடவே மூழ்கியது. அதன் பின்கால்கள் தண்ணீரில் பட்டதும் ஒன்றிரண்டு முறை துடுப்புப்போல அசைந்தன. ரத்தம் மெல்லிய நூலாகப் பிரிந்து கலங்கியது. அவன் தொட்டியின் இந்தப் பக்கம் மண்டியிட்டு உட்கார்ந்தான். பெனிட்டா தராசை வைத்துவிட்டுப் பார்த்தாள். தண்ணீர் அசைவு நின்று தெளிந்துகொண்டே வந்தது. அவள் கை அடியில் அப்படியே இருந்தது. கொடுக்கு இன்னும் திறக்கவில்லை. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.