குளிர்ச்சியான சம்பந்தம்

எனக்கு மாப்பிள்ளை பார்த்தது என் அம்மா இல்லை, அம்மாவின் வேர்க்குரு. இதை நான் கோபத்தில் சொல்வதாக எல்லோரும் நினைக்கிறார்கள். கோபம்தான். ஆனால் பொய் இல்லை.

அஸ்தினாபுரத்தில் நாங்கள் குடியிருந்தது மாடிப் போர்ஷன். தலைக்கு மேலே நேராக மொட்டை மாடி, மேற்குப் பார்த்த சுவர். பங்குனி பிறந்தாலே அம்மாவுக்கு முதுகு முழுக்க வேர்க்குரு பொரிந்துவிடும். சாயங்காலம் வேலைக்காரி எல்லம்மா வந்து, கிணற்றிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் தூக்கிப் போய்த் தளத்தில் ஊற்றுவாள். கொஞ்ச நேரம் புஸ்ஸென்று ஆவி கிளம்பும், அப்புறம் பழையபடி அடுப்புதான். ஜன்னலில் ஈரப் புடவை கட்டுவோம். நுங்கு வாங்கித் தின்றுவிட்டுத் தோலை முதுகில் தேய்ப்போம். அப்பா காலையில் குரோம்பேட்டையில் எலெக்ட்ரிக் ட்ரெய்ன் ஏறினால் இருட்டின பிறகுதான் திரும்புவார். "வெயில்னா வெயில்தான், அதுக்கு என்ன பண்ண முடியும் ஞானம்?" என்பார். பகலெல்லாம் ஆபீஸ் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிற மனுஷர் அப்படித்தான் பேசுவார். அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எண்பத்தேழில் எனக்கு இரண்டு வரன் வந்தது. ஒன்று படப்பை. பையன் ஸ்கூல் வாத்தியார். பெண் பார்க்க வந்தபோது அவனுடைய அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து, "என்ன சமைக்கத் தெரியும்னு கேக்க மாட்டேன். என்ன சாப்பிடப் பிடிக்கும், அதைச் சொல்லு" என்றாள். அந்த அம்மாவை எனக்குப் பிடித்துப் போயிற்று. இன்னொன்று பெங்களூர், அல்சூர். பையன் பேர் தயாளன், ஃபேக்டரியில் வேலை. வீடு பார்த்துவிட்டு வர அம்மாவும் அப்பாவும் மே மாதத்தில் போனார்கள். திரும்பி வந்த அம்மா செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அந்த வீட்டுல ஃபேனே இல்லடி வேதா! மே மாசத்துல எனக்குப் போர்வை குடுத்தாங்க. இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்கினேன்டி!"

"மாப்பிள்ளை எப்படிம்மா?"

"நல்லாத்தான் இருக்கார். காலையில பல் தேய்க்கத் தண்ணி தொட்டா கை விறைச்சுப் போகுது!"

மாப்பிள்ளையைப் பற்றி அவள் சொன்னது அவ்வளவுதான். படப்பைக்கு வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். "நான்தான் இங்க வெந்து சாகறேன், நீயாவது குளுகுளுன்னு இரு" என்று என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். அதற்கு மேல் நான் என்ன பேசுவது?

பெங்களூர் குளிர்ச்சிதான், இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். சில மாதம் சுகமாகவே இருந்தேன். மார்ச் கடைசியில் ஒருநாள் என் மாமியார் லோகநாயகி காப்பியை ஆற்றிக்கொண்டே ஆரம்பித்தாள்.

"வேதா, வர்ற வாரம் மாம்பலத்துல இருந்து பெரியவ புள்ளைங்களோட வர்றா. சின்னவளும் வருவா. மெட்ராஸ் வெயில்ல குழந்தைங்க வாடிப் போயிடுதுங்க, பாவம். நம்ம வீட்டுல இருக்கறதே ரெண்டு ரூம். நீ உங்கம்மா வீட்டுக்குப் போய் ரெண்டு மாசம் சந்தோஷமா இருந்துட்டு வாயேன்."

மெட்ராஸ் வெயில் தாங்காமல் மெட்ராஸ்காரர்கள் என் ரூமுக்கு வருகிறார்கள். அவர்களுக்கு இடம் விட நான் மெட்ராஸுக்குப் போக வேண்டும். இது எந்த ஊர் நியாயம்? தயாளனைப் பார்த்தேன். "வருஷா வருஷம் வர்றவங்க. வராதேன்னு எப்படிச் சொல்றது?" என்றார். என்னைப் போ என்று சொல்ல மட்டும் அவருக்கு வாய் வந்தது.

அஸ்தினாபுரத்தில் அம்மா அக்கம்பக்கத்தில் என்ன சொன்னாள் தெரியுமா? "என்னை விட்டுட்டு இருக்க முடியலையாம். அவ்வளவு குளிர்ச்சியான ஊரை விட்டுட்டு ஓடி வந்துட்டா." அம்மாவின் மானம் போகக் கூடாதே என்று நானும் தலையாட்டினேன். அடுத்த வருஷமும் இதே கதை. எல்லம்மா மட்டும் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "இன்னா பாப்பா, வெயிலுக்கு பயந்து உன்னிய அந்த ஊர்ல கட்டிக் குட்த்தாங்க. நீ இன்னாடான்னா வெயிலுக்குன்னே வந்துகினு கீற!" என்று சிரித்தாள். அம்மா அவளை முறைத்தாள்.

மூன்றாவது வருஷம் நான் உண்டானேன். மாதத்தை எண்ணிப் பார்த்தால் பிரசவம் சித்திரையில் வந்து நின்றது. கல்யாணம் ஆன புதுசில் ஆடி மாதம் பிரித்து வைப்பதே சித்திரை வெயிலில் பிள்ளை பிறந்துவிடக் கூடாது என்றுதான். முதல் வருஷம் எங்களையும் பிரித்தார்கள். மூன்றாவது வருஷம் ஆடியை யார் கண்டார்கள்? எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அந்த மாடியில் பெரியவர்களே சுருண்டு கிடப்போம், பச்சைக் குழந்தை என்ன பாடுபடும்?

அம்மாவைப் பெங்களூருக்கு வரவழைத்தேன். "இந்த ஒரு தடவை பிரசவம் இங்கேயே இருக்கட்டும்னு நீ கேளும்மா. எனக்காக இல்ல, குழந்தைக்காக." அம்மா கேட்டாள். குரலே எழும்பவில்லை அவளுக்கு.

"நானே வந்து இருந்து எல்லா வேலையும் பாத்துக்கறேன் சம்பந்தி. எங்க வீடு ரொம்பச் சூடு, அதனாலதான்..."

"தலைப்பிரசவம் அம்மா வீட்டுலதான்" என்றாள் லோகநாயகி. "இங்க வெச்சுக்கிட்டா, பொண்ணுக்குப் பிரசவம் பாக்க வக்கில்லன்னு நாலு பேர் உங்களைத்தானே பேசுவாங்க? அதுவும் மே மாசத்துல எல்லாரும் வந்துடுவாங்க. எங்க இருக்கு இடம்?"

அவ்வளவுதான், பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தேன்.

பெண் குழந்தை. வீட்டுக்கு எடுத்து வந்த மறுநாளே உடம்பு அனலாகக் கொதித்தது. பால் குடிக்காமல் வாயைத் திறந்து திறந்து மூடியது. அலறி அடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். டாக்டர் தொட்டுப் பார்த்து, "குழந்தைக்கு ஒண்ணும் இல்லம்மா. அது இருக்கற ரூம்தான் சூடு. வேற இடம் இல்லையா உங்களுக்கு?" என்றார். இருக்கிறது டாக்டர், அங்கே என் நாத்தனார் போர்த்திக்கொண்டு தூங்குகிறாள் என்று சொல்ல வாய் வரை வந்தது.

குழந்தைக்குப் பேர் வைக்க தயாளனும் லோகநாயகியும் ராத்திரி மெயிலில் வந்து இறங்கினார்கள். கத்திரி வெயில் உச்சத்தில் இருந்தது. தெருப் பெண்கள் எல்லாம் வந்து உட்கார்ந்திருந்தார்கள். லோகநாயகி முந்தானையால் விசிறிக்கொண்டே எல்லோருக்கும் கேட்கும்படி ஆரம்பித்தாள்.

"அப்பாடி, இந்தச் சூட்டுல மனுஷங்க எப்படித்தான் இருக்கீங்களோ! இங்கேயே இரு வேதா, குழந்தை குளுகுளுன்னு பொறக்கட்டும்னு நான் தலைதலையா அடிச்சுக்கிட்டேன். கேட்டாளா? அம்மா வீடுதான் வேணும்னு ஒரே பிடிவாதம்."

நான் அம்மாவைப் பார்த்தேன். என் மடியில் குழந்தை, கழுத்து மடிப்பெல்லாம் செக்கச் செவேலென்று வேர்க்குரு. வாசல் வரை போய்க் கெஞ்சிவிட்டு வெறுங்கையோடு திரும்பியவள் அவள்தானே, இப்போதாவது ஒரு வார்த்தை சொல்லுவாள் என்று நம்பினேன். அம்மா தெருக்காரர்களைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஆமாம், நான் இல்லாம அவளுக்கு முடியாது" என்றாள்.



"பிடிவாதமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. அங்க இடம் இல்லன்னு அனுப்பினாங்க" என்றேன். "வருஷா வருஷம் அனுப்பறாங்க. இப்பவும் என் ரூம்ல நாத்தனார் குடும்பம்தான் இருக்கு. அம்மா நேர்ல வந்து கெஞ்சினாங்க, முடியாதுன்னுட்டாங்க."

மாடிப்படியில் நின்ற எல்லம்மா, "அப்புடிப் போடு!" என்றாள். லோகநாயகி இலையில் உட்காராமல் எழுந்து போனாள், பின்னாலேயே தயாளனும் போனார். அன்று முழுக்க அம்மா அழுதாள். குழந்தையை நினைத்து அழுகிறாள் என்று நான் நினைத்தேன். "அந்த ஒரு வார்த்தையை அடக்கியிருந்தா ஜூன்ல போய்ச் சேர்ந்திருப்பே. இனிமே இந்தத் தெருவுல நான் எப்படித் தலை காட்டுவேன்?" என்றாள்.

ஜூன் கடைசியில் தயாளன் தனியாக வந்தார். மெட்ராஸில் சூடு இன்னும் தணியவில்லை. மாடி ஏறி வந்ததிலேயே அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பாயில் கிடந்த குழந்தையை எட்டிப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எங்கம்மாகிட்ட ஒரு மன்னிப்பு கேட்டுடு வேதா. இன்னைக்கே கிளம்பிடலாம்."

"நான் சொன்னது பொய்யா?"

"உண்மைதான். உண்மைன்னா நாலு பேர் முன்னாடி சொல்லிடறதா?"

"சரி, கேக்கறேன். அடுத்த சித்திரைக்கு நானும் குழந்தையும் நம்ம ரூம்லதானே இருப்போம்?"

அவர் சுவரைப் பார்த்தார். "அப்ப அக்காங்க எங்க போவாங்க?"

எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. "அப்ப தனி வீடு பாருங்க. அங்க முடியலன்னா இங்க வந்து வேலை தேடுங்க. பெருங்களத்தூர்ல ஒரே ரூமா இருந்தாலும் எனக்குப் போதும். அங்கேருந்து என்னை யாரும் கிளப்ப மாட்டாங்க."

"மெட்ராஸ்லயா?" கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். நிஜமாகவே பயந்து போயிருந்தார். "இந்த வெயில் என்னால தாங்க முடியாது வேதா."

அவரால் முடியாதாம். என்னாலும், பாயில் கிடக்கிற அந்தத் துளியூண்டு உடம்பாலும் முடியும் என்று இவருக்கு யார் சொன்னது?

அம்மா மோர் எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். மாப்பிள்ளை நனைந்து போய் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பதறிப் போனாள். டம்ளரை அவர் கையில் கொடுத்துவிட்டு, குழந்தைக்காக வைத்திருந்த டேபிள் ஃபேனை அவர் பக்கம் திருப்பினாள். குழந்தை சிணுங்க ஆரம்பித்தது.

நான் எழுந்து போய் ஃபேனைப் பழையபடி குழந்தை பக்கம் திருப்பி வைத்தேன்.

"மாப்பிள்ளைக்கு வேர்க்குதுடி" என்றாள் அம்மா.

"வேர்க்கட்டும்" என்றேன்.