மண்ணு குளிருதா, ராசா

ஹட்டனுக்குப் போகிற பஸ்ஸில் காளியாயி புருசன் ஆண்டியப்பன் பக்கத்தில் உட்காரவில்லை. பின்சீட்டில் உட்கார்ந்து அவன் பிடரியையே முறைத்துக்கொண்டு வந்தாள். திருட்டுப்பயல்! எதைத் திருடக்கூடாதோ அதைத் திருடிவிட்டு, எண்ணெய் வைத்துப் படிய வாரிக்கொண்டு போகிறான் பார்!

ஆண்டியப்பன் திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவன். மாசி மாதம் காமன் கூத்தில் அவன்தான் ரதி. சிவன் மன்மதனை எரித்ததும் ரதி மாரடித்து அழ வேண்டும். வருசா வருசம் சேலையைக் கட்டிக்கொண்டு ஏதோ அழுவான், சனமும் ஏதோ பார்க்கும். இந்த வருசம் அழுதானே ஒரு அழுகை! தோட்டத்துச் சனம் குடியிருக்கும் லயமே தேம்பியது. தேயிலை ஃபாக்டரி டீமேக்கர் வீட்டுக்கு விருந்தாளியாக வந்திருந்த பாலச்சந்திரனும் அதைப் பார்த்தார். அவர் கொழும்பு நாடகங்களுக்கு நடிகர் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்டு. ஹட்டனுக்கு வந்து தன்னைப் பார்க்கச் சொல்லிவிட்டுப் போனார். அங்கே அழுது காட்டி அவருக்குப் பிடித்துப்போனால் கொழும்பு மேடை. கவ்வாத்துக் கத்தியைத் தலைமுழுகிவிடலாம்.

கூத்தன்று காளியாயிக்கு மட்டும் அழுகை வரவில்லை. ஆத்திரந்தான் வந்தது. அது அவளுடைய அழுகை. போன மழைக்காலத்தில் மகன் அழகுமுத்துவைக் காய்ச்சல் கொண்டுபோனபோது, குழிமேட்டில் விழுந்து கிடந்து அவள் சொல்லி அழுத ஒப்பாரி, சொல்லுக்குச் சொல் அப்படியே! அழகு என்கிற இடத்தில் மன்மதன் என்று போட்டிருந்தான், அவ்வளவுதான். அன்றைக்கு இவன் கண்ணில் ஒரு சொட்டு வந்ததா? மறுநாள் விடிந்ததும் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்களத்தில் போய் நின்ற கல்நெஞ்சன்! ஏஜென்டிடம் இதைப் போட்டு உடைத்துவிட்டுத்தான் மறுவேலை என்று அவளும் கிளம்பியிருந்தாள்.

புடவைக் கடை மாடியில், நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார் ஏஜென்டு.

“அண்டைக்கு அழுத மாதிரியே அழும். ‘மண்ணு குளிருதா, ராசா’ எண்டு ஒரு இடம் வந்ததே, அதில இருந்து.”

“அந்த எடந்தாங்க!” காளியாயி வெடித்தாள். “மன்மதன எரிச்சாங்க. எரிச்ச சாம்பலுக்கு மண்ணு குளிருமாங்க? இது எம் புள்ளையப் பொதச்சப்ப நான் அழுதது. இந்த ஆளு களவாண்டுக்கிட்டு வந்து நிக்கிறாரு!”

“சண்டையை வீட்டில வைச்சுக்கொள்ளுங்கோ அம்மா. நீர் தொடங்கும்.”

ஆண்டியப்பன் அவள் பக்கம் திரும்பவில்லை. துண்டை முக்காடாகப் போட்டு மண்டியிட்டான். பலகைத் தரையைத் தடவினான்.

“மண்ணு குளிருதா, ராசா... அப்பன் கம்பளியக் கொண்டாந்து போத்தவாடா... அழகு! ஏ அழகு!”

கம்பளி காளியாயியின் ஒப்பாரியில் இல்லை. அவள் ஒருநாளும் அதைச் சொல்லி அழுததில்லை.

ஏஜென்டு கைதட்டி நிறுத்தினார். “அருமை! ஆனா அழகு ஆர்? பேர் பிழை. மன்மதன் எண்டு சொல்லி இன்னொருக்கா அழும். சரியா வந்தா வாற மாசமே மேடை.”

ஆண்டியப்பன் வாயைத் திறந்தான். “ம...” என்று வந்து நின்றது. இன்னொரு தடவை முயன்றான். அதற்குமேல் போகவில்லை. துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தான்.

“பேரு சரியாத்தாங்க இருக்கு,” என்றான்.

“அப்ப என்ர நேரத்தை மினக்கெடுத்தாமல் போம்!” என்று கதவைக் காட்டினார் ஏஜென்டு.

படியிறங்கித் தெருவுக்கு வந்ததும் காளியாயி அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். பஸ்ஸுக்கு நின்ற சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டுமே!

“அந்தக் கம்பளிய இத்தன நாளா எங்கய்யா ஒளிச்சு வச்சிருந்த? ஒத்தையில கெடந்து கத்துனேனே! பக்கத்துல வந்து குந்தி இத அழுதிருந்தா வாயி வெந்தா போயிருக்கும்?”

“பெரட்டுக்குப் போகாம இருந்திருந்தா எனக்குப் பைத்தியம் புடிச்சிருக்கும்டி,” என்றான் அவன்.

அவள் முஷ்டியை மடக்கி அவன் நெஞ்சிலே குத்தினாள். அவன் விலகவில்லை.

“அழுய்யா இப்ப! இங்கயே அழு! மன்மதன்னு மட்டும் சொன்னே, கொன்னுபுடுவேன்!”