ஹார்ட்விக் பக்கத்து ஐரிஸ்

ஒருமுறை மண்ணுக்குள் போன எதையும் மனிதன் திரும்பத் தோண்டி எடுக்கக் கூடாது. காட்டுமிராண்டிக்கும் நாகரிக மனிதனுக்கும் உள்ள வித்தியாசமே இதுதான். மே மாதத்து ஞாயிறு ஒன்றில், சுட்ட தொத்திறைச்சி குத்திய முள்கரண்டியோடு ஹார்ட்விக் இதை அறிவித்தார். அறிவிக்க அவருக்குத் தகுதி இருந்தது. முப்பத்து நான்கு வருடம் நகராட்சியின் குடிநீர்ப் பிரிவில் குழாய் புதைத்தவர். புதைத்த ஒரு குழாயைக்கூட அவர் மறுபடி தோண்டியதில்லை. தோண்டுவதற்கு வேறு பிரிவு இருந்தது. அங்கே ஆட்களும் நிறைய இருந்தார்கள்.

அறிவிப்புக்கான காரணம் வேலிக்கு அந்தப் பக்கம் பூத்திருந்தது. ஒரே கூரையின் கீழ் இரண்டு பாதியாகக் கட்டிய வீடு அது. கட்டியவர் ஹார்ட்விக்கின் மாமனார். இடது பாதி மகள் இர்மேலாவுக்கு, வலது பாதி மகன் ஃபோல்க்மாருக்கு. தோட்டத்தில் அவர் நட்டிருந்த ஐரிஸ் பூச்செடி வரிசையையும் பிள்ளைகள் சரிபாதியாக்கி, நடுவே கம்பி வேலி போட்டுக்கொண்டார்கள். ஒரே கிழங்கு, ஒரே மண், ஒரே வெயில். அந்த மே மாதம் ஃபோல்க்மார் பக்கம் நாற்பத்தொரு தண்டு பூ, மஞ்சளும் தவிட்டு நிறமுமாக. ஹார்ட்விக் பக்கம் இலை. இலையில் குறை சொல்ல முடியாது. இடுப்பு உயரம், பூனை நுழைய முடியாத அடர்த்தி.

ஃபோல்க்மார் மூன்று வருடத்துக்கு ஒருமுறை, கோடையின் நடுவில், தன் புதர்களைத் தோண்டி எடுப்பார். இஞ்சி போல் கிளைத்திருக்கும் கிழங்கை உடைத்து, கிழடு தட்டிய நடுப்பகுதியை வீசிவிட்டு, இளம் துண்டுகளின் இலையை விசிறி வடிவத்தில் கத்தரித்து, கிழங்கின் முதுகு மண்ணுக்கு மேலே தெரியும்படி நடுவார். ஹார்ட்விக் தன் நாற்காலியை வேலியோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு, காப்பிக் கோப்பையோடு இதை நாலு முறை முழுதாகப் பார்த்திருக்கிறார். முழுதாகப் பார்க்காமல் முழுதாகக் கேலி செய்ய முடியாது என்பது அவர் கட்சி.

"முடி வெட்டுற, முதுகுல வெயில் படணும்ங்கிற. மச்சான், நீ தோட்டம் வெச்சிருக்கியா, கடற்கரை விடுதி நடத்துறியா?"

"உங்க பக்கம் இலை வியாபாரம் ஜோரா போகுது போல, மச்சான்" என்பார் ஃபோல்க்மார், நிமிராமலே.

ஹார்ட்விக் தன் புதர்களைக் கவனிக்காமல் விட்டார் என்று யாரும் சொல்லிவிட முடியாது. அந்தத் தெருவில் வெறும் மண் தெரிவது, ஜன்னலில் திரை இல்லாமல் குடியிருப்பதற்குச் சமம். எல்லாரும் மரப்பட்டைச் சிராய் மூட்டை வாங்கிப் பாத்தியை மூடுவார்கள். ஹார்ட்விக் மற்றவர்களை விட ஒழுங்காக மூடினார். ஒவ்வொரு மார்ச்சிலும் ஒன்பது சென்டிமீட்டர், மடிப்பு அளவுகோல் வைத்து. வெயில் காய வேண்டிய கிழங்குகள் அதற்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்கிக்கொண்டு கிடந்தன. பூ முதலில் பதினான்கு தண்டாகக் குறைந்தது, பிறகு மூன்றாக. இந்த வருடம் அதுவும் இல்லை. பருவநிலை மாற்றம் என்றார் ஹார்ட்விக். பருவநிலை வேலியோடு நின்றுவிட்டதா என்று இர்மேலா கேட்டாள். அவர் கருகிக்கொண்டிருந்த தொத்திறைச்சியைத் திருப்பிப் போட்டார்.

ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை, பிளம்ஸ் பழக் கேக்கை வெட்டித் தட்டில் வைத்தபடி, இர்மேலா விஷயத்தை முடித்தாள். குரல் உயரவில்லை.

"எங்கப்பா வெச்ச பூ. வருஷத்துல ரெண்டு வாரம் அது பூத்துப் பாக்கணும், அவ்ளோதான் கேக்குறேன். நீங்க பிரிச்சு நடுங்க. இல்லன்னா சனிக்கிழமை ஃபோல்க்மார் வந்து மொத்தத்தையும் அவன் பக்கம் கொண்டு போவான். வேலிக்கு அந்தப் பக்கம்னாலும் ஜன்னல்லேருந்து எனக்குத் தெரியும்."

ஃபோல்க்மாரிடம் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டதாம். தள்ளுவண்டியோடு ஒன்பது மணிக்கு வருவதாகச் சொன்னானாம். ஹார்ட்விக் கேக்கைத் தின்று முடித்தார். அந்தப் பாத்தி போனால் அவர் பக்கம் மிஞ்சுவது புல்லும் குப்பைத் தொட்டிகள் நாலும்தான். தொட்டி என்னவோ ஃபோல்க்மாரிடமும் நாலு இருந்தது. ஆனால் நடைபாதையில் போகிறவர்கள் சனிக்கிழமைக்குப் பிறகு எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு போவார்கள் என்பதில் சந்தேகமில்லை. கொள்கையில் மாற்றம் இல்லை என்று இர்மேலாவிடம் சொல்லிவிட்டு எழுந்தார்.

வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணி. அந்தத் தெருவில் ஒன்றிலிருந்து மூன்று வரை ஓய்வு நேரம். புல்வெட்டி ஓடாது, துளைக்கருவி சுற்றாது, குழந்தைகள்கூடத் தாழ்ந்த குரலில்தான் அழும். அடுத்த பாதியில் ஃபோல்க்மார் ஜன்னலின் சுருள் கதவை இறக்கிவிட்டுத் தூங்கப் போயிருந்தார். இர்மேலாவும் மாடியில் படுத்திருந்தாள். நான்கு பல் மண்வாரிக்குச் சத்தம் கிடையாது. விதிமுறையில் அதைப் பற்றி எதுவும் எழுதப்படவும் இல்லை.

முதலில் மரப்பட்டையை வாரி ஒதுக்கினார். பாதிக் கிழங்கு மண்ணையே காணாமல் சிராய்க்குள் வேர் விட்டிருந்தது. புதரை நெம்பிப் புரட்டியபோது நடுப்பகுதி கட்டையாகச் செத்திருந்தது. சுற்றிலும் வளையமாக உயிர், வெளியே ஓடப் பார்த்தபடி, ஒரு முனை வேலிக் கம்பிக்கு அடியில் ஃபோல்க்மார் பக்கம் நுழைந்தே விட்டிருந்தது. ஹார்ட்விக் அதைப் பிடித்து இழுத்து மீட்டார். குழாய் விஷயத்தில் இது வேறு பிரிவின் வேலை.

என்ன செய்ய வேண்டும் என்று யோசிக்கவே தேவைப்படவில்லை. உடை, நடுவை வீசு, அழுகி மெத்தென்று இருப்பதை வீசு, உள்ளங்கையளவு துண்டை வை. மூன்று துண்டுக்கு ஒரு முக்கோணம், இலை வெளிப்பக்கம். கை தானாகப் போயிற்று. மண்ணைக் குமித்து, அதன்மேல் கிழங்கைக் குந்த வைத்து, வேரை இருபுறமும் இறக்கி, முதுகை மட்டும் மூடாமல் விட்டார். மூடத்தான் கை துறுதுறுத்தது. ஒரு தடவை மூடியும் விட்டார். பிறகு விரலால் மண்ணைத் தள்ளினார்.

இரண்டாவது புதரில் மண்வாரியை இறக்கியபோது, தலைக்கு மேலே திறந்திருந்த மாடி ஜன்னலில் இர்மேலாவின் குரல் கேட்டது. தம்பியோடு போனில் பேசினாள். எழுப்பிவிட்டதற்கு வருத்தம் சொல்லிவிட்டு, அடங்கிய குரலில் தொடர்ந்தாள்.

"நாளைக்கு வர வேணாம்டா. இல்ல, ஒண்ணுமில்ல. மண்ணு ஈரமா இருக்கு."

மழை பெய்து பதினோரு நாள் ஆகியிருந்தது. ஜன்னல் மூடிக்கொண்டது, ஓய்வு நேரத்துக்கு ஏற்றபடி மெதுவாக.

ஹார்ட்விக் நிமிர்ந்து பார்க்கவில்லை. அடுத்த துண்டை எடுத்தார். இலைகளை ஒன்றுசேர்த்துப் பிடித்து, முதலில் இடது பக்கம் சரிவாக, பிறகு வலது பக்கம் சரிவாக, விசிறியாகக் கத்தரித்தார். கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். இடது பக்கம் ஒரு இலை நீட்டிக்கொண்டிருந்தது, அதையும் வெட்டினார்.