பச்சைப் புள்ளித் தெரு

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு லூர்தம்மாள் வீட்டு நீல நாற்காலியில் ழான்-போல் உட்கார்ந்தபோது, சட்டைப் பையில் இருந்த மீட்டரை விட மர்யம் போனில் சொன்னது அதிகம் கனத்தது. மீட்டர் ஒரு பேனா அளவுதான். தண்ணீரில் முக்கினால் உப்பு எவ்வளவு என்று எண் காட்டும். எண்ணை ஆப்பில் ஏற்றினால் வரைபடத்தில் அந்த வீட்டின்மேல் ஒரு புள்ளி விழும். நல்ல தண்ணீருக்குப் பச்சை, உப்புக்குச் சிவப்பு. பிரான்சில் முப்பத்தொரு வருஷம் தபால் பிரிக்கும் வேலை பார்த்துவிட்டுக் காரைக்காலுக்குத் திரும்பியவருக்கு ஊருக்கு ஏதாவது செய்தாகவேண்டும் என்ற அரிப்பு. தன்னார்வலராகப் பெயர் கொடுத்தார். போலகத்தில் லூர்தம்மாள் வீடு உட்படப் பதினான்கு வீடுள்ள ஒரு தெரு கிடைத்தது. "பென்சன் வாங்குற மனுசன், பேனாவ டம்ளர்ல முக்கப் போறாரு" என்று மனைவி ழோசெத் பக்கத்து வீட்டில் சொல்வாள், அவர் காதில் விழுகிற தூரத்தில் நின்றுகொண்டு.

மர்யம் காரைக்காலில் கல்லூரி ஆசிரியை. தன்னார்வலர்கள் அனுப்பும் எண்களைச் சரிபார்ப்பவள். காலையில் கூப்பிட்டிருந்தாள்.

"அங்கிள், கோவிச்சுக்காதீங்க. அந்தப் பக்கத் தெருவும் செவப்பு, இந்தப் பக்கத் தெருவும் செவப்பு. நடுவுல உங்க தெரு மட்டும் ஆறு மாசமாப் பச்சப் பசேல்னு இருக்கு. அங்க மட்டும் காவேரி அடியில ஓடுதா?"

"நா என்னம்மா செய்ய? மீட்டர் காட்டுது, நா போடறேன்."

"திங்கக்கிழம சர்க்காருக்கு மேப்பக் குடுக்கணும். செவப்புத் தெருவுக்குத்தான் முதல்ல குழாய் போடுவாங்க. இன்னிக்கு ஒரு தடவ சரியாப் பாத்துருங்க."

அந்தச் 'சரியா'தான் குத்தியது.

லூர்தம்மாள் தட்டில் இரண்டு டம்ளரோடு வந்தாள். அறுபதை நெருங்குகிறவள், முழங்கால் வலியில் ஒரு பக்கம் சாய்ந்து நடந்தாலும் தட்டில் ஒரு சொட்டுச் சிந்தவில்லை. "எடுத்துக்குங்க முசே" என்றாள். பிரெஞ்சில் 'ஐயா'. தெருவே அவரை அப்படித்தான் கூப்பிடும். ஒரு டம்ளர் மீட்டருக்கு, ஒன்று அவருக்கு. மீட்டர் நூற்றுத் தொண்ணூறு காட்டியது. பச்சை. வழக்கமாக இந்த இடத்தில் இரண்டாவது டம்ளரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "பாரிசுல இந்தத் தண்ணிய பாட்டில்ல அடைச்சு விப்பான்" என்பார். அடுத்த வீட்டுக்கு அவர் போவதற்குள் அந்தப் பாராட்டு போய்ச் சேர்ந்திருக்கும். இன்று எழுந்து நின்றார்.

"கெணத்த ஒரு பார்வ பாத்துக்கவாம்மா?"

'கிணற்றிலிருந்து நேரடியாக எடுத்தீர்களா?' என்று ஒவ்வொரு முறையும் ஆப் கேட்கும். 'ஆம்' என்று தட்டுவார். கிணறு இருந்தது கொல்லையில். பெண்கள் குளிக்கிற இடம். அடுப்படியைத் தாண்டி அந்நிய ஆண்பிள்ளை அங்கே போவதாவது? டம்ளரில் வருவது கிணற்றுத் தண்ணீர்தானே.

"அங்க வழுக்கும் முசே" என்று அவள் சொல்வதற்குள் அடுப்படி வாசலுக்குப் போய்விட்டார். வரிசையாக நாலு பிளாஸ்டிக் குடம். ஒன்றின் மூடிமேல் செம்பு இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

"இது எங்க புடிச்சது?"

"மெயின் ரோட்டுக் கொழாயில. அஞ்சு மணிக்கே போயிட்டா கூட்டம் இருக்காது."

"அப்ப ஆறு மாசமா நா அளந்தது?"

லூர்தம்மாள் முந்தானையைத் திருகினாள். "வீட்டுக்கு வந்தவருக்கு உப்புத் தண்ணியக் குடுப்பாங்களா? இந்தத் தெருவுல யாருமே குடுக்கல. நாங்க ஒண்ணும் பேசி வைக்கல."

"குடிக்க இல்லம்மா, அளக்கத்தான கேட்டேன்!"

"தட்டுல வச்சு நீட்டுனா அது குடிக்கிற தண்ணிதான்."

ழான்-போலுக்குச் சிரிப்பும் வந்தது, தலை சுற்றலும் வந்தது. முப்பத்தொரு வருஷத்தில் ஒரு கடிதத்தைக்கூட மாற்றிப் போடாத மனுஷர், ஒரு தெருவையே தப்பான பெட்டியில் போட்டிருந்தார். அது போதாதென்று, இவர்கள் இடுப்பொடியச் சுமந்து வந்த தண்ணீரை வீட்டுக்கு வீடு குடித்து, ஏப்பம் விட்டு, சான்றிதழும் கொடுத்திருந்தார். குழாய் விஷயத்தை நாலே வரியில் சொன்னார். பச்சையாகவே இருந்தால் இந்தத் தெருவுக்கு இப்போதைக்குக் குழாய் இல்லை.

அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். "செவப்பு விழுந்தா யாரு வேணா பாக்கலாமா?" என்றாள்.

"பாக்கலாம்."

"பூவத்துலேர்ந்து பொண்ணு வீட்டுக்காரங்க நாளைக்கு வர்றாங்க. எம்மவனுக்கு முப்பத்தஞ்சாவுது. மூணு எடம் தண்ணிய விசாரிச்சே தட்டிப் போச்சு. இந்தப் பொண்ணு ஆக்சிலியா, அதுவே போன்ல மேப்பப் பாத்திருக்கு. 'ஒங்க வூடு பச்சையா இருக்கே அத்தே'ன்னு சொல்லுச்சு. ஒங்களுக்குத்தான் மொத பத்திரிக வைக்கணும்னு நெனச்சிருந்தேன்."

"உங்க வீட்ட மட்டும் அளக்காம விட்டுடட்டுமா?"

"சுத்திவரச் செவப்பு, நடுவுல நா மட்டும் பச்சையா? அது படிச்ச பொண்ணு முசே." சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. குடங்களைப் பார்த்தாள். "வந்தா அதுதான இதத் தூக்கணும்."

முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அவருக்கு முன்னால் கொல்லைக்கு நடந்தாள். குளிக்கிற மறைப்பில் காய்ந்த புடவையை ஒரே இழுப்பில் சுருட்டி எடுத்துவிட்டு, வாளியைக் கிணற்றுக்குள் விட்டாள். தண்ணீர் மேலே வந்தது. பார்க்கக் கண்ணாடி மாதிரிதான் இருந்தது. அவர் மீட்டரை முக்கினார். எண்ணூறு, ஆயிரத்து நானூறு, இரண்டாயிரத்து நூறு என்று ஏறி நின்றது. சிவப்பு. ஆப்பைத் திறந்து கட்டைவிரலை வைக்கப் போனார்.

"இருங்க. அந்தப் பொண்ணு மேப்புல பாக்குறதுக்கு முன்னாடி எங்கிட்டேர்ந்து கேக்கட்டும்."

இடுப்பிலிருந்து பட்டன் போனை எடுத்து, கண்ணைச் சுருக்கி நம்பரைத் தேடி அழுத்தினாள். ஒரு கையில் ஈரக் கயிறு, மறு கையில் காதோடு ஒட்டிய போன். அமைதியான கொல்லையில், பூவத்தில் போன் மணி அடிப்பது ழான்-போலுக்கும் கேட்டது.