பச்சைக் காருக்கு நான் பொறுப்பு

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது முட்டை எடுக்கப் போன இடத்தில். 1979இல் யாழ்ப்பாணத்தில், இணுவிலில் ஒரு வீட்டுக்கு வாழைக்குட்டி வாங்கப் போயிருந்தேன். வீட்டுக்காரி கமலாவதி, "முட்டையும் கொண்டு போங்கோவன்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் பின்னால் கோடிப்பக்கம் நடந்தார். நானும் பின்னால் போனேன். மாமரத்துக்குக் கீழே பச்சை நிறத்தில், கூரையில்லாத, இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய பந்தயக் கார் போன்ற ஒரு சின்னக் கார் நின்றது. ரயர் இல்லை. மூக்கு நசுங்கியிருந்தது. சாரதியின் இடத்தில் வைக்கோல் பரப்பி ஒரு கோழிப்பேடு படுத்திருந்தது. கமலாவதி ஸ்ரியறிங்குக்குக் கீழே கையை விட்டு முட்டைகளை எடுத்தார்.

"உது ஆரின்ரை கார்?"

"இவர் வித்த கார்."

"வித்த கார் ஏன் இங்கை நிக்குது?"

அவர் ஒரு முட்டையைச் சேலைத் தலைப்பில் துடைத்தார். "அதை அவரிட்டைக் கேளுங்கோ. சொல்லமாட்டார்."

சொன்னார். கமலாவதியின் கணவர் பஞ்சலிங்கம் பேசாமல் இருந்திருந்தால் நான் வாழைக்குட்டியோடு வீட்டுக்குப் போயிருப்பேன்.

2

முதலில் இப்படித் தொடங்கிப் பார்த்தேன்: 'அரியாலைக் கடலேரியின்மேல் அந்திச் சூரியன் செம்பொன்னாய் உருகிக்கொண்டிருந்த வேளையில்—'

வேண்டாம். ஒரு மனிதன் சாகப்போகிற இடத்தைச் சூரியனைக் கொண்டு மினுக்கக்கூடாது.

இரண்டாவது தொடக்கம்: 'பஞ்சலிங்கம் ஒரு பொய்யன்.' அதையும் வெட்டினேன். ஒரு ஆளை முதல் வரியிலேயே கூண்டில் ஏற்றிவிட்டால் பிறகு வாசிக்கிறவருக்கு என்ன வேலை?

இப்போது நிற்கிற தொடக்கம் இது:

பலாலி வீதியில், திருநெல்வேலிச் சந்தைக்குக் கொஞ்சம் வடக்கே, பஞ்சலிங்கம் ஒரு கராச் வைத்திருந்தார். மலைநாட்டுத் தோட்டங்களை விட்டு இங்கிலாந்துக்குப் போகும் துரைமார் கைவிட்ட கார்களை மலிவாக வாங்கி வந்து, திருத்தி, வர்ணம் அடித்து விற்பார். கையில் நல்ல வேலை இருந்தது. வாயில் நல்ல சொல் இருந்தது. "பஞ்சலிங்கத்தார் சொன்னால் சொன்னதுதான்" என்று ஊரில் பேச்சு. அந்தப் பேச்சைக் கேட்க அவருக்கு மிகவும் பிடிக்கும். இதை ஒரு குற்றமாக எழுதவில்லை. எனக்கும் பிடிக்கும்.

1973இல் அந்தப் பச்சைக் கார் வந்தது. (எந்தக் கம்பனிக் கார் என்று எழுதமாட்டேன். செய்தவர்கள்மேல் ஒரு பிழையும் இல்லை.) ஊர் இளந்தாரிகள் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். வாங்க ஒருவரும் இல்லை. பிள்ளைகுட்டிக்காரன் இரண்டு பேர் இருக்கிற காரை வாங்கி என்ன செய்வான்?

முதல் பிரதியில், வாங்கியவனைக் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு வியாபாரியின் மகனாக எழுதினேன். அவனுக்கு என்ன நடந்தாலும் எனக்குக் கவலை வரவில்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதவேண்டியதாயிற்று. வாங்க வந்தவர் ஸ்ரெல்லா ரீச்சர்.

3

ஸ்ரெல்லா குருநகரில் பிறந்தவர். தகப்பன் சந்தியோகு கடலுக்குப் போனவர். போய் ஒருநாள் திரும்பி வராதவர். ஆங்கிலம் படிப்பிக்கிற ரீச்சர், முப்பத்தெட்டு வயது, தாய் செபஸ்தியம்மாவோடு இருக்கிறார், கலியாணம் முடிக்கவில்லை. ஒரு பின்னேரம் பஸ்ஸிலிருந்து இறங்கி, குடையை மடக்கிக்கொண்டு, நேரே பச்சைக் காரடிக்கு வந்தார்.

"இதின்ரை விலை என்ன, அண்ணை?"

பஞ்சலிங்கம் சொன்னார். ரீச்சர் தன்னிடம் இருப்பதைச் சொன்னார். இரண்டுக்கும் நடுவில் நல்ல இடைவெளி இருந்தது.

"கூட என்னட்டை இல்லை. கடனும் வாங்கமாட்டன்."

"உங்களுக்கு ஏன் ரீச்சர் உந்தக் கார்? நல்லதொரு நாலு கதவுக் கார் பாத்துத் தாறன்."

"எனக்கு இதுதான் விருப்பம்."

(இங்கே ரீச்சரின் விருப்பத்துக்கு ஒரு காரணம் தேடினேன். சின்ன வயதில் நுவரெலியாவில் ஒரு வெள்ளைக்காரி இப்படியொரு கார் ஓடியதைப் பார்த்து— இல்லை. விருப்பத்துக்குக் காரணம் கேட்பது பஸ்ஸில் பின்னால் இருந்து வம்பளப்பவர்களின் வேலை.)

கராச்சில் அப்போது நாலைந்து ஆண்கள் நின்றார்கள். அவர்களில் ஒருவர், தில்லைநாதன் என்ற லொறிக்காரர், சத்தமாகச் சிரித்தார். "பஞ்சலிங்கம், பொம்பிளையின்ரை தலையிலை கட்டிப்போடாதை. றோட்டிலை நிண்டால் பாவம், அவ ஆரிட்டைப் போறது?"

ரீச்சர் சிரிக்கவில்லை. "அதைத்தான் நானும் கேக்க இருந்தனான். பழைய கார். பழுதாப்போனால் ஆர் பொறுப்பு?"

பழைய காருக்குப் பொறுப்பு யாரும் கொடுப்பதில்லை. காசை வாங்கினால் கதை முடிந்தது. ஆனால் தில்லைநாதன் சிரித்துவிட்டார். எல்லோரும் பஞ்சலிங்கத்தின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"நான் பொறுப்பு," என்றார் பஞ்சலிங்கம்.

"எவ்வளவு காலத்துக்கு?"

"உங்கடை கையிலை இருக்கிற வரைக்கும். என்ன பழுதெண்டாலும் கொண்டு வாங்கோ. நான் செய்து தருவன்."

ரீச்சர் சொன்ன விலைக்கே காரைக் கொடுத்தார். அன்றைக்கு அவருக்கு நெஞ்சு நிறைந்திருந்தது என்று கமலாவதி சொன்னார். விற்றவர் அல்ல, வாங்கியவர் போல வீட்டுக்கு வந்தாராம்.

4

கொஞ்சக் காலம் எல்லாம் நன்றாக நடந்தது. அதைச் சுருக்கமாக எழுதுகிறேன். நீட்டினால் பிறகு வருவதை எழுத மனம் வராது.

தலையில் சேலைத்துண்டைக் கட்டிக்கொண்டு ரீச்சர் கார் ஓடினார். றோட்டில் கூவினார்கள். கோவிலடியில் குசுகுசுத்தார்கள். செபஸ்தியம்மா முதலில் ஏறமாட்டேன் என்று நின்று, பிறகு பூசைக்குப் போகும்போது பக்கத்தில் ஏறி, செபமாலையை இறுகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். அடுத்த கிழமை கண்ணைத் திறந்தார். அதற்கடுத்த கிழமை, "கொஞ்சம் கெதியாய் விடன், பிள்ளை" என்றாராம்.

சின்னச் சின்னப் பழுதுகள் வந்தன. பஞ்சலிங்கம் திருத்திக் கொடுத்தார். கை நீட்டிக் காசு வாங்கவில்லை. "சொன்னால் சொன்னதுதான்" என்ற பேச்சு இப்போது குருநகரிலும் கேட்டது.

பிறகு பிரேக் பழுதாகியது. மிதித்தால் மிதி பாதிவரைக்கும் வெறுமனே போனது. சிலிண்டருக்குள் இருக்கிற ரப்பர் தேய்ந்துவிட்டது. விரல் நுனி அளவு சாமான். ஆனால் வெளிநாட்டுச் சாமான் நாட்டுக்குள் வராத காலம் அது. பஞ்சலிங்கம் கொழும்புக்கு ஆள் அனுப்பிப் பார்த்தார். உடைந்த கார்கள் கிடக்கிற இடமெல்லாம் தேடினார். கிடைக்கவில்லை.

'கிடைக்கவில்லை' என்று ரீச்சரிடம் சொல்லியிருக்கலாம். (நான் இந்த இடத்தில் நீண்ட நேரம் நின்றேன். அவரைச் சொல்லவைத்து ஒரு பக்கம் எழுதினேன். ரீச்சர் கோபிக்கிறார், காரைத் திருப்பிக் கொடுக்கிறார், தில்லைநாதன் ஒரு மாதம் சிரிக்கிறார். கதை அங்கேயே முடிந்தது. ஒருவரும் சாகவில்லை. எவ்வளவு நல்ல பக்கம்.)

பஞ்சலிங்கம் பழைய லொறிச் சக்கரத்து ரப்பர் ரியூப் ஒன்றை எடுத்து, அந்த அளவுக்கு வட்டமாக வெட்டி, தீட்டி, உள்ளே வைத்தார். மிதித்துப் பார்த்தார். பிடித்தது. திருநெல்வேலிச் சந்திவரைக்கும் ஓடிப் பார்த்தார். பிடித்தது.

"புதுசோ போட்டனீங்கள்?" என்று ரீச்சர் கேட்டார்.

"ஓம்."

"பயமில்லையோ, அண்ணை? அம்மாவும் ஏறுறவ."

"நான் பொறுப்பெண்டு சொன்னனான் எல்லே, ரீச்சர்."

5

அரியாலையில், கடலேரிக்குப் போகிற சின்ன ஒழுங்கை வீதியோடு சேரும் இடத்தில், ஒரு பின்னேரம் பஸ் நின்று பள்ளிப்பிள்ளைகளை இறக்கியது. பின்னால் ரீச்சர் தனியே வந்தார். மிதித்தார். பிரேக் எண்ணெயில் ஊறி இளகியிருந்த ரப்பர் கிழிந்தது. மிதி அடிவரைக்கும் போய்க் கிடந்தது. முன்னால், பஸ்ஸின் பின்புறம் றோட்டைக் கடக்கிற பிள்ளைகள். ரீச்சர் ஸ்ரியறிங்கை இடப்பக்கம் முழுதாக ஒடித்தார்.

இடப்பக்கம் முருகேசு நின்றார். ஏரியில் வலை வீசிவிட்டு வந்து, சைக்கிளில் மீன்பெட்டியைக் கட்டிக்கொண்டு நின்றார். கார் அவரையும் சைக்கிளையும் மதிலோடு வைத்து நசுக்கியது. ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போகிற வழியில் உயிர் போய்விட்டது. அவருக்கு மனைவி சிவக்கொழுந்து. பிள்ளைகள் இல்லை.

ரீச்சருக்குக் கை முறிந்தது. பொலிசிடம் சொன்னார்: "பிரேக் பிடிக்கேல்லை." காரைப் பார்த்த அதிகாரி, மூக்கு நசுங்கிப் பிரேக் குழாய் அறுந்திருப்பதால், மோத முன்னமே பிரேக் பழுதா, மோதிய பிறகா என்று சொல்லமுடியாது என்று எழுதினார். ஆகவே வழக்கு பஞ்சலிங்கத்தின் வாய்க்கு வந்து நின்றது.

கோட்டில், நீதவான் முன்னால், அவர் போட்டிருந்த வேட்டி புதிது. கமலாவதி சொன்னார். கூண்டில் ஏறும்வரைக்கும் உண்மையைச் சொல்வதாகத்தான் நினைத்திருந்தாராம். மேலேறிப் பார்த்தால் ஊர் முழுக்க வாங்குகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தது. தில்லைநாதனும் இருந்தார்.

"பிரேக்குக்குப் புதுச் சாமான்தான் போட்டீரோ?"

"ஓம்."

ரீச்சரிடம் முதலில் சொன்ன ஓமுக்கு இது தம்பி. ஆனால் தமையனைவிட வளர்ந்தவன்.

புதுப் பிரேக் பிடித்திருக்கவேண்டும். ஆகவே ரீச்சர் கண்மண் தெரியாமல் ஓடியிருக்கவேண்டும். தண்டம் விதித்தார்கள். சிறைத்தண்டனையை ஒத்திவைத்தார்கள். லைசென்ஸைப் பறித்தார்கள். பள்ளிக்கூடத்தை ரீச்சர் தானாகவே விட்டார். பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து வாசிக்கச் சொல்ல முடியவில்லையாம். கோட்டு வாசலில் சிவக்கொழுந்து மண்ணை அள்ளி ரீச்சரின் முகத்தில் எறிந்தார். ரீச்சர் அதைத் துடைக்காமல் நடந்து போனார்.

6

வழக்கு முடிந்து பொலிசார் காரை விட்டார்கள். ரீச்சர் அதை ஒரு லொறியில் ஏற்றிக்கொண்டு கராச்சுக்கு வந்தார்.

"கார் இன்னும் என்ரை கையிலைதான் இருக்கு. திருத்தித் தாங்கோ."

"ரீச்சர், உதை இனி—"

"முதலிலை பிரேக்கைக் கழட்டுங்கோ."

"நாளைக்குப் பாப்பம்."

"இப்ப பாப்பம். நான் இருக்கிறன்."

ரீச்சர் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு அதில் இருந்தார். பஞ்சலிங்கம் கழற்றினார். வேறு என்ன செய்வது? பொறுப்புக் கொடுத்தவர் அல்லவா? சிலிண்டர் திறந்தது. உள்ளேயிருந்து ஊதிப்போன கறுப்புத் துண்டு ஒன்று வந்து அவர் உள்ளங்கையில் விழுந்தது. லொறி ரியூப்பில் அச்சடித்த எழுத்தின் பாதி அதில் இன்னும் தெரிந்தது. ரீச்சர் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிள்ளைகளின் கொப்பியில் பிழை பார்ப்பது போலப் பார்த்தார்.

"கொழும்பிலையும் இல்லை ரீச்சர்," என்றார் பஞ்சலிங்கம். "எங்கையும் இல்லை. நான் தேடாத இடமில்லை."

"இல்லையெண்டு சொல்லியிருந்தால் நான் பஸ்ஸிலை போயிருப்பன், அண்ணை. முந்தியும் பஸ்ஸிலைதானே போனனான்."

அவர் அழவில்லை. கத்தவில்லை. கத்தியிருந்தால் காலில் விழுந்திருப்பேன் என்று பஞ்சலிங்கம் என்னிடம் சொன்னார்.

"என்னட்டை மன்னிப்பு ஒண்டும் கேக்கவேண்டாம். கோட்டுக்கும் போகவேண்டாம், உங்கடை பிள்ளையள் பாவம். முருகேசுவின்ரை மனுசி என்னைத் திட்டாத நாளில்லையாம். அவவிட்டை மட்டும் போய்ச் சொல்லுங்கோ."

காரை அங்கேயே விட்டுவிட்டு பஸ் நிலையத்துக்கு நடந்தார். பிறகு தாயைக் கூட்டிக்கொண்டு மன்னாருக்குப் போய்விட்டார். காரை யாரும் கேட்டு வரவில்லை.

7

"அந்த மனுசியிட்டைப் போனனீங்களோ?" என்று பஞ்சலிங்கத்தைக் கேட்டேன். மாமரத்தடியில் இருந்தோம். கராச்சை மூடி, காரை இங்கே இழுத்து வந்து அவருக்கு அப்போது சில வருடங்கள் ஆகியிருந்தன.

"போனனான் தம்பி. எல்லாத்தையும் சொன்னனான். ரப்பர் வெட்டினது, கோட்டிலை சொன்னது, ஒண்டும் விடேல்லை. அந்த மனுசி விழுந்து விழுந்து அழுதுது. பிறகு, 'வந்து சொன்னியளே, அது போதும்' எண்டுது. மன்னிச்சிட்டுது."

"இதை நான் எழுதலாமோ?"

"எழுதுங்கோ. ஆனால் அரியாலைப் பக்கம் போய் அந்தச் சீவனைக் கிளறாதேங்கோ."

வீட்டுக்கு வந்து முடிவை எழுதினேன். 'அவள் அழுது முடித்து முகத்தைத் துடைத்தபோது, அவருடைய தோளிலிருந்து ஏதோ இறங்கியது போல—' நல்ல முடிவு. வாசிக்கிறவருக்கும் நித்திரை வரும், எனக்கும் நித்திரை வரும். ஒரு குறை மட்டும் இருந்தது. சிவக்கொழுந்தின் வீட்டு வேலி கிடுகா, பனையோலையா, கிளுவையா? எழுத்தில் வேலி தெளிவாக நின்றால்தான் வேலிக்கு உள்ளே நடப்பதை நம்புவார்கள். அதைப் பார்க்கத்தான் போனேன். வேறொன்றுக்கும் இல்லை.

8

கிளுவை.

சிவக்கொழுந்து முற்றத்தில் இருந்து இறால் உரித்துக்கொண்டிருந்தார். வாசல் படலையடியில் நான் நிற்பதைக் கண்டு நிமிர்ந்தார். முன்னம் திருநெல்வேலியில் கராச் வைத்திருந்தவரைத் தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியாமல்? வழக்கு முடிஞ்ச கையோடை ஒருநாள் வந்தவர். நீங்கள் நிக்கிற இடத்திலைதான் நிண்டவர். என்னெண்டு கேட்டன். விடாய்க்குது, கொஞ்சம் தண்ணி தாங்கோ எண்டார். செம்பிலை குடுத்தன். முழுக்கக் குடிச்சார். செம்பைத் தந்திட்டுப் போயிட்டார்."

"வேறை ஒண்டும் கதைக்கேல்லையோ?"

"இல்லை. என்ரை முகத்தைப் பாத்துக்கொண்டு கொஞ்சநேரம் நிண்டவர். பாவம், நல்ல மனுசன். கோட்டிலை எங்களுக்காக உண்மை சொன்னது அவர் ஒருத்தர்தான்." இறாலின் தலையைக் கிள்ளி எறிந்தார். "அவள் ரீச்சர் இப்ப எங்கை இருக்கிறாளோ தெரியாது. எங்கை இருந்தாலும் அவள் நல்லாயிருக்கக்கூடாது தம்பி. விளக்கு வைக்கேக்கை நாளும் அதைத்தான் கேக்கிறன்."

அவர் கையைக் கழுவிவிட்டு எழும்பிப் படலையடிக்கு வந்தார்.

"நீங்கள் ஏன் தம்பி உதுகளைக் கேக்கிறியள்?"

இந்த இடத்தில் மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் எல்லாவற்றையும் சொல்கிறேன். அவர் விளக்கு வைக்கிறபோது கேட்பதற்கு ஒன்றுமில்லாமல் போகிறது, கேட்டுவந்த அத்தனையும் ஒரு குற்றமற்றவள்மேல் விழுந்தது என்பது மிஞ்சுகிறது. இன்னொன்றில் சும்மா கேட்டேன் என்று சொல்லிவிட்டு வருகிறேன். ரீச்சருக்கு மன்னாரில் நாள்தோறும் பொழுதுபட ஒரு சாபம் போய்ச் சேர்கிறது. மூன்றாவது— அதைக் கிழித்துவிட்டேன்.

மற்ற இரண்டையும் இங்கே வைக்கிறேன், ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். படலை திறந்திருக்கிறது. நடந்ததெல்லாம் இப்போது உங்களுக்கும் தெரியும். எனக்குத் தெரிந்த அளவுக்குத் தெரியும். நான் விலகி நிற்கிறேன். அவர் உங்கள் முகத்தைத்தான் பார்க்கிறார்.

"என்ன பேசாமல் நிக்கிறியள்?" என்கிறார். "வெயிலுக்கை வந்திருக்கிறியள். தண்ணி தரட்டே?"