திருட்டுக் கோன் ஐஸ்

“ஒரே ஒரு கோன், மேடம். முழுசா வேண்டாம், பாதி போதும்” என்று வழக்கம்போல் ஆரம்பித்தாள் லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி.

“முழுசாவே கொடுங்க” என்றார் செக்போஸ்ட்.

ஆஸ்பத்திரியின் உணவு ஆலோசகருக்கு டயாலிசிஸ் வார்டு வைத்த பெயர் அது. ஒரு வாழைப்பழம்கூட அவரைத் தாண்டி உள்ளே போனதில்லை. சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட மெக்கானிக், சாக்லேட் கோன் ஐஸுக்காக அவரோடு ஒரு வருஷமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

“எப்பவாவது ஒண்ணு தின்னா குடியா முழுகிடும், மேடம்?” என்று முன்பொரு நாள் கேட்டான்.

“நல்லா இருக்கறவங்களுக்கு ஒண்ணும் ஆகாது. கொஞ்சம் புரதம், கொஞ்சம் கால்சியம், மிச்சமெல்லாம் சர்க்கரையும் கொழுப்பும். எப்பவாவதுன்னா உடம்பு தாங்கிக்கும். உங்க கதை வேற. சாக்லேட்ல இருக்கற பொட்டாசியமும் பால்ல இருக்கற பாஸ்பரஸும் உங்க ரத்தத்துலயே தங்கிடும். உருகினா அதுவும் உங்களுக்கு அளந்து வெச்ச தண்ணிக் கணக்குல சேரும். உங்க தம்பி தர்ற சிறுநீரகத்தை வெச்சு முடிக்கட்டும், நானே வாங்கித் தர்றேன்.”

“அப்போ ஐஸை வழிச்சுப் போட்டுட்டு வெறும் பிஸ்கட் கூட்டையாவது கொடுங்க!”

“அது வேணா தின்னுங்க.”

அன்றிலிருந்து அவன் வெறும் கூட்டைத்தான் கடித்துக்கொண்டிருந்தான். அப்படிப்பட்டவர் இன்று முழுசாகக் கொடுக்கச் சொல்கிறார்.

“மாசத்துக்கு ஒண்ணா, மேடம்?”

“அவருக்கு எப்பெல்லாம் ஆசையோ, அப்பெல்லாம்.”

“என்ன ஆச்சு?”

செக்போஸ்ட் எழுந்து கதவைச் சாத்தினார். “போன வாரம் எடுத்த ஸ்கேன்ல இதயம் ரொம்ப பலவீனமா இருக்கும்மா. ஆபரேஷனைத் தாங்காது. தம்பி கொடுக்கத் தயாரா இருந்தும் வைக்க முடியாது. இனிமே சாப்பாட்டுல கட்டுப்பாடு வேண்டாம்னுட்டார் பெரிய டாக்டர். மதியம் அவரே வந்து சொல்வார்.”

அவள் தெருவுக்கு வந்தாள். அனுமதி கிடைத்துவிட்டது என்று கோனை நீட்டினால் அவன் விஷயத்தைக் கண்டுபிடித்துவிடுவான். மோட்டாரின் உறுமலைக் கேட்டே எந்தக் கயிறு தேய்கிறது என்று சொல்பவன். கொடுக்காமல் இருந்தாலோ, டாக்டர் வந்துபோன பிறகு அவன் நாக்கில் எது இனிக்கும்? மதியத்துக்குள் ஒரு கோன், சந்தோஷமாக. அதற்கு ஒரே வழிதான் இருந்தது.

“இன்னிக்கு ஐஸோடவா! மழை வரப்போகுது” என்றார் கடைக்காரர்.

“நல்லா பெருசா வைங்கண்ணே.”

வாய் அகன்ற ஃபிளாஸ்கில் கோனை இறக்கி, துண்டைச் சுற்றி, வார்டுக்குள் நுழைந்தாள். அவன் இடது கையிலிருந்து ரத்தம் குழாய் வழியாக இயந்திரத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. திரையைப் பாதி இழுத்துவிட்டுக் குனிந்தாள்.

“வாயைத் திறக்காதீங்க. கடத்திட்டு வந்திருக்கேன்.”

“அடிப்பாவி! செக்போஸ்ட் பார்த்தா?”

“உங்களைத்தான் திட்டும். எனக்கென்ன?”

பக்கத்துப் படுக்கைத் தையல்காரர் மூக்கை உறிஞ்சினார். “யோவ், எனக்கு ஒரு வாய்?”

“உனக்கு வாசனை மட்டும்தான்யா.”

முதல் வாயிலேயே மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டான். மீசையெல்லாம் சாக்லேட். “திருடித் தின்னா ருசியே தனிதான்” என்று தோள் குலுங்கச் சிரித்தான். அவன் இப்படிச் சிரித்து எவ்வளவு காலமாயிற்று! அவளும் சிரித்தாள். செக்போஸ்டிடம் ஒரு வார்த்தை சொல்லிவைத்திருக்கலாமே என்பது அப்போதுதான் உறைத்தது. அதற்குள் திரை விலகியது.

மெக்கானிக் கோனைப் போர்வைக்குள் திணித்தான். “மேடம்... நான் வேண்டாம்னுதான் சொன்னேன். இவதான்...”

அவன் தலைக்குப் பின்னால் நின்று மனைவி கண்ணாலேயே கெஞ்சினாள்: திட்டுங்க, தயவுசெய்து திட்டுங்க.

செக்போஸ்ட் அவள் பக்கம் பார்க்கவே இல்லை. போர்வையில் படர்ந்த கறையைப் பார்த்தார். அவன் தோளை மெல்லத் தட்டினார். “மெதுவா சாப்பிடுங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

“அதிர்ஷ்டக்காரன்யா நீ!” என்றார் தையல்காரர்.

அவன் கோனை வெளியே எடுத்தான். ஆனால் வாயில் வைக்கவில்லை.

“திட்டலையே” என்றான்.

“ஏதோ நல்ல மனநிலையில இருக்காங்க போல.”

“என்னைப் பாரு.”

அவள் ஃபிளாஸ்கின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

“தம்பிக்குத் தெரியுமா?”

“இன்னும் இல்லங்க.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்குப் புரிந்தது. ஐஸ் உருகி அவன் மணிக்கட்டு வரை வழிந்தது. துடைக்கப் போன கையை அவன் விலக்கினான்.

“ஆபரேஷனுக்குன்னு லீவு கேட்டிருப்பான். ஃபோன் பண்ணி, வேண்டாம்னு சொல்லிடு.”

கோனை அவளிடம் நீட்டிவிட்டுச் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் பிடித்தபடியே நின்றாள்.