கரும்பச்சை இலையும் ஓர் அறுபதாம் கல்யாணமும்

1

கதைமாந்தர் ஆசிரியனுக்குக் கீழ்ப்படிவார்களா என்ற என் ஆய்வுக் கட்டுரைக்கு ஓர் அடிக்குறிப்பாகவே இக்கதை பிறந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். உதாரணத்துக்காகத் திருக்காட்டுப்பள்ளியில் துரைக்கண்ணு என்னும் நெல் விவசாயியைப் படைத்தேன். கட்டுரை நின்றுவிட்டது. அவர் நிற்கவில்லை.

2

காவிரியில் தண்ணீர் வந்த அன்று துரைக்கண்ணு [வேண்டாம். டெல்டாக் கதைகள் பலவும் இப்படித்தான் தொடங்குகின்றன.]

அவர் மனைவி மங்களாம்பிகை தொட்டியில் ஒரு தரை ஆர்க்கிட் வளர்த்தார். வெயிலில் அதன் இலை வெளிர்பச்சையாக இருந்தது. அச்செடிக்கு அதுவே ஆரோக்கியம். துரைக்கண்ணுவோ, நெற்பயிருக்கு யூரியா தேவையா என்று பார்க்கும் இலை வண்ண அட்டையை அதன்மேல் வைத்துப் பார்த்து, பசி என்று தீர்மானித்தார். யூரியா தூவி, மாட்டுக்கொட்டகை நிழலுக்கு மாற்றினார். இலை கரும்பச்சையானது. இரண்டு வருடமாகப் பூ இல்லை.

"அது நெல்லு இல்லீங்க. வெளிச்சம் வேணும் அதுக்கு."

"இலையப் பாரு மங்களம். மாப்பிள்ளை மாதிரி நிக்குது."

"தை மாசம் திருக்கடையூர்ல அறுபதாம் கல்யாணம். அதுக்குள்ள இது பூத்தாத்தான் உங்க கழுத்துல மாலை போடுவேன். இல்லேன்னா ஐயரோட மாத்திக்கங்க."

மண்டபம் ஏற்கெனவே பேசியாகிவிட்டது.

3

'தொட்டி மாடிக்குப் போயிற்று' என்று எழுதினேன். அடுத்த வரியில் அது கொட்டகையில் இருந்தது. மறுபடி எழுதினேன். துரைக்கண்ணு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"தம்பி, நீங்க எழுதிட்டுப் போயிடுவீங்க. இலை வெளுத்தா ஊர்ல என்னையத்தான் கேப்பாங்க. நாப்பது வருஷத்துல எங்கிட்ட ஒரு இலை வெளுத்ததில்ல."

(என் நெறியாளர்கூட என்னை இவ்வளவு தெளிவாக மறுத்ததில்லை.)

"அம்மா மாலை போடலேன்னா?" என்று கேட்டேன்.

அவர் தொட்டியைத் தானே தூக்கிக்கொண்டு மாடியேறினார். அங்கே இடமெல்லாம் நெல் காய்ந்துகொண்டிருந்தது. வாய்க்கால் தண்ணீருக்கு முறை வைப்பதுபோல வெயிலுக்கும் முறை வைத்தார்: காலை பத்து மணிவரை செடிக்கு, பிறகு நெல்லுக்கு. செடியின் முறை முடியும்வரை நெல் வெயிலைத் திருடிவிடாதபடி அதைத் தார்ப்பாயால் மூடினார்.

4

முடிவு ஒன்று: பூக்கிறது. [இவ்வளவு எளிதாக அவரை விட்டுவிட எனக்கு மனமில்லை.]

முடிவு இரண்டு: திருக்கடையூரில், மாலையுடன் ஐயர் மெல்ல [நிறுத்திவிட்டேன்.]

மூன்றாவதை எழுத இயலவில்லை. இருபது நாளில் இலை வெளுக்கத் தொடங்கிவிட்டது. ஒரு கையில் அட்டை, மறு கையில் யூரியா. செடியின் அடியில் புதிதாக எட்டிப்பார்ப்பது இலையா, பூங்கொத்தா என்று துரைக்கண்ணு குனிந்து பார்க்கிறார். அவர் நிழல் முழுவதும் அதன்மேல் விழுகிறது. நான் சொன்னால் நகரமாட்டார்.

வாசகரே, இந்தப் பக்கத்தைச் சற்றே ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடியுங்கள்.